மகாவித்துவான் பிள்ளையவர்களும் புலமை வாழ்க்கையும்

சிவமயம்

சைவத் திருநெறியிற் பாட்டும் பொருளும் தம்முட் பகைப்பன அல்ல. திருவீழிமிழலையில் மழை வறந்து பசி மிக்க காலத்தில், திருஞானசம்பந்த சுவாமிகளும் திருநாவுக்கரசு சுவாமிகளும் நாடோறும் இறைவன் பீடத்திற் படிக்காசு பெற்று அடியார்களுக்கு அமுதூட்டிய வரலாற்றைச் சைவர் யாவரும் அறிவர். அரசுகள் பெற்ற காசு வாசியின்றிச் சென்றது. பிள்ளையார் பெற்ற காசோ முதலில் வாசியுடையதாக இருந்தது. அரசுகள் பாட்டோடு கைத்தொண்டும் புரிந்தமையே இதற்குக் காரணம் என்று சேக்கிழார் சுவாமிகள் காட்டியருளினார். ஆளுடைய நம்பிகள் திருப்புகலூரிற் செங்கற்களைத் தலைக்கணையாகக் கொண்டு துயில, அவை பொன்னாயின. அப்பொன்னும் திருவாரூரிற் பங்குனி உத்திரத் திருநாளிற் பரவையார் செய்யும் அறத்தின் பொருட்டே வேண்டப்பட்டது.

இவ்வரலாறுகளை நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். பாட்டுக்குப் பொருள் பெறுதல் இழுக்கன்று என்பது ஒன்று. அங்ஙனம் பெற்ற பொருள் பாடினவரிடத்தே தேங்காமற் பிறர்பாற் செல்லுதல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆயினும் அருளாளர் திறம் வேறு. மனை மக்களோடு வாழும் ஏனைப் புலவர் திறம் வேறு. பின்னவர்க்குப் பீடத்திற் காசு வருவதில்லை. அவர் தம் புலமையை விலைப்பொருளாக்காமலும், குடும்பத்தைப் பட்டினியில் விடாமலும், வாழ்நாள் முழுதும் தமிழ்ப்பணியில் நிற்றல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடுவதினும், ஒரு பெரும் புலவரது வாழ்விலே தேடுதல் நலம். திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களது வாழ்வு அதற்கு ஏற்றதாகும்.

பிள்ளையவர்கள் 1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த எண்ணெயூரில், சிதம்பரம் பிள்ளை என்பார்க்கு மகனாராகத் தோன்றினார். அவர் தோன்றிய காலம் புலவர்க்கு நற்காலம் அன்று. திருச்சிராப்பள்ளிச் சீமை 1801-ம் ஆண்டிலேயே கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது. தஞ்சை மராட்டிய அரசும் 1855-ம் ஆண்டோடு முடிவுற்றது. புலவரை அவைக்கண் வைத்துப் புரந்த வேந்தர் மறைந்தனர். புதிய கல்லூரிகளில் தமிழாசிரியர்க்கு இடம் உண்டாதற்கு இன்னும் பல்லாண்டுகள் இருந்தன. பழைய வாயில் அடைபட்டுப் புதிய வாயில் திறவாத அவ்விடைக்காலத்திலேதான் பிள்ளையவர்கள் புலமையைத் தம் வாழ்க்கையாக மேற்கொண்டார்.

முதற்கண் அவர்க்கு ஆசிரியர் தந்தையாரே. அவரும் பிள்ளையவர்கள் இளம்பருவத்தினராய் இருக்கும்போதே சிவபதம் அடைந்தார். கல்விக்குப் பொருளும் இல்லை. நூல்களை வாங்கும் வசதியும் இல்லை. அந்நாளில் ஏட்டுச்சுவடி ஒன்றைப் பெறுதலே அரிது. சுவடி உடையாரிடம் சென்று வேண்டி, இரவல் பெற்று, தம் கையாற் படியெடுத்துக்கொண்டு, பின்பு அதற்குப் பொருள் கூற வல்லாரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் இருந்த புலவர்களிடத்தும், பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சீபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் முதலியோரிடத்தும் அவர் பாடங் கேட்டார். பிச்சையேற்றுத் திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர் என்று தெரிந்தபோது, அவர் செல்லுமிடமெல்லாம் உடன் திரிந்து, அவரது மனத்துக்கு இசைந்தன செய்து, அந்நூலைக் கேட்டறிந்தார். கல்வியின்பொருட்டுத் தாழ்ந்து நின்ற இவ்வருமையை அவர் பிற்காலத்து மறந்தாரல்லர். தாம் பட்ட துன்பத்தைத் தம்மிடம் வந்த மாணாக்கர் ஒருவரும் படலாகாது என்பதே அவர் வாழ்வு முழுதும் ஆண்ட கொள்கையாயிற்று.

புலமை நிரம்பிய பின் அவர்க்குப் பொருள் வந்த வழிகளுள் தலைமையானது தலபுராணம் பாடுதல். அதன் முறை இது. ஓர் ஊரிலுள்ள அன்பர்கள், அல்லது கோயிற் கட்டளையை நடத்துவோர், தம் தலத்துக்குத் தமிழிற் புராணம் வேண்டும் என்று விரும்புவர். வடமொழியில் அத்தலத்து மான்மியம் இருப்பின், அதனை வல்லாரைக்கொண்டு தமிழ் வசனமாக்கித் தருவர். புலவர் அதனை அடிப்படையாகக்கொண்டு, நாட்டு வளமும் நகர வளமும் முதலாக விரித்துக் காப்பியமாகப் பாடுவர். பாடல் முற்றுப்பெற்றபின் கோயில் மண்டபத்தில் நன்னாளில் அரங்கேற்றம் தொடங்கும். நாள்தோறும் சில பகுதிகள் படிக்கப்பெற்றுப் பொருள் விரிக்கப்பெறும். ஊரார் திரண்டு வந்து கேட்பர். நிறைவு நாளிற் சுவடியைச் சிறப்பித்து வலம் வரச்செய்து, புலவர்க்குப் பொருளும் ஆடையும் வழங்குவர்.

பிள்ளையவர்கள் இங்ஙனம் பாடிய தலபுராணங்கள் இருபதுக்கு மேற்பட்டன. திருநாகைக்காரோணம், மாயூரம், திருக்குடந்தை, அம்பர், திருப்பெருந்துறை முதலிய தலங்கள் அவர் வாக்கினாற் புராணம் பெற்றன. இவற்றோடு சேக்கிழார் பிள்ளைத்தமிழ் உள்ளிட்ட பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள் எனப் பல பிரபந்தங்களையும் அவர் இயற்றினார். முன்னரே எழுதி வைத்துக்கொள்ளாமல், அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செல்ல, அருகிருந்த மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவர். எழுதுவோர் கைதான் சோருமேயன்றிச் சொல்லுவார் வாக்குச் சோராது.

இவ்வழியின் உயர்வு ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. அரசன் ஒருவனைப் பாடும் புலவன் அவ்வொருவனது மனநிலையையே சார்ந்து நிற்பான். அவன் முகம் மாறினாற் புலவன் வாழ்வும் மாறும். தலத்தைப் பாடுவோர்க்கோ புரவலர் ஓர் ஊர் முழுவதும் ஆவர். ஓர் ஊரில் நூல் முடிந்தால் மற்றோர் ஊர் அழைக்கும். பாடப்படும் பொருளும் மனிதனது சிறுபெருமை அன்று. சிவபெருமான் எழுந்தருளிய தலத்தின் பெருமையாம். ஆதலின் வேந்தர் மறைந்த காலத்தும் பிள்ளையவர்கள் புலமை வறண்டுபோகவில்லை. பொருளுக்காகப் பாடினார் என்ற சொல்லும், சிவபணி செய்தார் என்ற சொல்லும் அவரிடத்தே ஒன்றாயின.

எனினும் இவ்வழியிற் குறையும் உண்டு. அரங்கேற்றத்திற் பொருள் ஒருங்கே வரும். அடுத்த அரங்கேற்றம் எப்போது என்று கூற இயலாது. வரவு மழைபோல் வரும்; செலவு நாள்தோறும் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையே கடன் புகுந்தது. பொருள் நெருக்கடியும் அன்பின் நெருக்கமும் சேர்ந்து, தம் பெயரையே விட்டுக்கொடுக்கும் நிலைக்கும் அவர் உடன்பட நேர்ந்தது. வல்லூர்த் தேவராச பிள்ளை பெயரால் வழங்கும் குசேலோபாக்கியானம் உண்மையிற் பிள்ளையவர்கள் பாடியதே என்பதை, அவர் மாணாக்கராகிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தெளிவாக எழுதியுள்ளார். தாம் ஈன்ற நூல் பிறர் பெயரால் உலாவுவதைக் கண்டும் பிள்ளையவர்கள் பூசலிட்டாரல்லர். இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறி அமைதல் நேர்மை ஆகாது. புலவர்க்கு நிலையான வரவு இல்லாத காலத்தில், அவர்தம் பெயரும் விலைப்படும் என்ற கசப்பான உண்மையும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இந்நிலையில் அவர்க்கு நிழலாக வாய்த்தது திருவாவடுதுறை ஆதீனம். அம்பலவாண தேசிகர் காலத்தில் அவ்வாதீனம் அவரை மகாவித்துவான் என்று சிறப்பித்தது. அவர்க்குப்பின் 1869-ம் ஆண்டில் அருளாட்சி ஏற்ற மேலகரம் சுப்பிரமணிய தேசிகர், தாமே வடமொழியும் தென்மொழியும் இசையும் அறிந்தவர். புலவரது தரத்தை உள்ளவாறு அறியவல்ல புரவலர் அவர். மடத்திலே தம்பிரான்களுக்கும் பிற மாணாக்கர்க்கும் பிள்ளையவர்கள் பாடஞ் சொல்லும்போது, அக்கல்விச் சபை ஒரு திருக்கூட்டமாகவே விளங்கிற்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். இத்துணைப் பெரிய ஆதீனத்தின் ஆதரவு இருந்தும் அவர் கடன் தீராமை என்னை? இதற்கு விடை ஆதீனத்தின் வரலாற்றிலேயே உள்ளது. பிள்ளையவர்கட்கு முன் அங்கு விளங்கிய பெரும்புலவர்களாகிய மாதவச் சிவஞான முனிவரும் கச்சியப்ப முனிவரும் துறவிகள். உணவும் உடையும் உறையுளும் மடத்தில் அமைந்திருந்தன. அவற்றுக்கு மேல் அவர்கள் வேண்டுவது ஒன்றும் இல்லை. சிவஞான மாபாடியமும் தணிகைப் புராணமும் அக்கவலையற்ற வாழ்விலே விளைந்தன. மடத்து அமைப்பு துறவியர்க்கு நிறைவுடையது. பிள்ளையவர்களோ இல்லறத்தார். மனைவியாரும் மைந்தரும் உறவினரும் மாயூரத்து வீட்டில் இருந்தனர். அதற்குமேல், அவ்வீட்டில் எப்போதும் மாணாக்கர் பலர் உண்டு உறைந்தனர். துறவிக்கு அமைந்த நிழல், விரிந்த குடும்பம் ஒன்றை முற்றும் மறைக்கப் போதாதாயிற்று. இது புரந்தவர் குற்றமும் அன்று. புரக்கப்பட்டவர் குற்றமும் அன்று. அமைப்பு ஒன்று, வாழ்வு மற்றொன்று என்க.

மாணாக்கரிடம் சம்பளம் பெற்றிருந்தால் அவர் கடன்பட்டிரார் என்று சிலர் கூறலாம். அக்கூற்று முழுதும் தள்ளத்தக்கதன்று. தம் வரவை அளந்து செலவு செய்யும் இயல்பு பிள்ளையவர்களிடம் குறைவே. ஆயினும் அவர் சம்பளம் கேட்டிருப்பின் அவரிடம் வந்து கற்றோர் யாவர்? ஏழைச் சிறுவர்களே அவரை நாடி வந்தோரிற் பலர். 1871-ம் ஆண்டில் மாயூரத்துக்கு வந்த உத்தமதானபுரம் சாமிநாதையர், இசைப்பாட்டும் கதாப்பிரசங்கமும் கொண்டு காலங்கழித்த வேங்கடசுப்பையரின் குமாரர். அப்போது அவர்க்கு வயது 16. மாதந்தோறும் பொருள் கொடுத்துக் கற்கும் ஆற்றல் அக்குடும்பத்துக்கு இல்லை. சம்பளம் என்ற ஒரு கதவு அவ்வீட்டு வாயிலில் இருந்திருப்பின், அச்சிறுவர் வந்தவழியே மீண்டிருப்பர். பின்னாளில் தமிழுலகம் பெற்ற பெருஞ்செல்வமும் அவரோடு மீண்டிருக்கும்.

சாதியும் சமயமும்கூட அவ்வாயிலைத் தடுத்தில. சைவத்தில் ஊன்றிநின்று, திருநீறும் உருத்திராக்கமும் பூண்டு, சிவதலங்களையே பாடிய அவரிடம், கிறிஸ்தவராகிய சவராயலு நாயகரும் இஸ்லாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் பாடங் கேட்டனர். மாயூரம் முன்சீபாக இருந்த கிறிஸ்தவர் வேதநாயகம் பிள்ளை அவர்க்கு உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க்கோவை என்னும் நூலையும் பிள்ளையவர்கள் பாடினார். தன் நிலையில் உறுதியுடையவனே பிறர்க்கு அஞ்சாது கதவு திறப்பான் என்பதற்கு இது சான்று.

1876-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ம் நாள், திருவாவடுதுறையிற் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார். இறுதி வேளையில் அவரைத் தம் மார்பிலே தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசித்தவர் சாமிநாதையர். கடன் அப்போதும் தீர்ந்தபாடில்லை. வீடும் நிலமும் சேர்த்துவைத்தல்தான் வாழ்வின் வெற்றி எனின், அவ்வாழ்வு தோல்வி என்றே கூறல் வேண்டும். ஆயினும் அவ்விறுதிக் காட்சியைக் கண்முன் நிறுத்திக் காண்பவர் எவரும் அதனைத் தோல்வி என்று கூற நாவெழார்.

அவர் சேர்த்துவைத்த முதல் எங்கே இருந்தது என்பது அவர் மறைவின் பின்னரே வெளிப்பட்டது. அவர் மாணாக்கருள் மூத்தவராகிய தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் 1865-ம் ஆண்டு முதல் தமிழாசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெறுங்கால், தம் இடத்துக்குத் தம் உறவினரை நாடினாரல்லர். ஒரே ஆசிரியரிடம் கற்ற சாமிநாதையரையே நாடினார். சாமிநாதையரைப் பிரிதற்கு மனமில்லாத சுப்பிரமணிய தேசிகரும், அவர் நன்மையை எண்ணி விடை கொடுத்தனுப்பினார். 1880-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சாமிநாதையர் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் அப்பதவியை ஏற்றார். ஆசிரியர் வாழ்நாளில் திறவாத வாயில் மாணாக்கர்க்குத் திறந்தது. திறந்த கையோ ஆசிரியர் வளர்த்த கையேயாம்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை அவர் அடுக்கிக் கூறியும், முதலியார் அவற்றை ஒரு பொருட்டாக மதித்திலர். பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று அவர் வினாவினார். தம் ஆசிரியர் வாழ்நாளெல்லாம் பயிற்றிய கல்வி ஒரு சொல்லில் ஒதுக்கப்பட்டது போன்ற இடம் அது. புலமையையே வாழ்வாகக் கொண்டார்க்கு இதனிற் கொடிய சோதனை வேறில்லை. காலத்தின் சுவை மாறுமாயின், அதற்கு முன் செய்த உழைப்பெல்லாம் வீணோ?

வீணன்று என்பதைச் சாமிநாதையரது பின்னை வாழ்வு காட்டிற்று. சீவகசிந்தாமணி 1887-ம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889-ம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892-ம் ஆண்டிலும், புறநானூறு 1894-ம் ஆண்டிலும், மணிமேகலை 1898-ம் ஆண்டிலும் அவர் பதிப்பால் வெளிப்போந்தன. ஏட்டிற் சிதைந்து கிடந்த பாட்டின் ஓசையைச் செவியால் உணர்ந்து, விட்டுப்போன சீரையும் மயங்கிய சொல்லையும் கண்டறியும் ஆற்றல், பிள்ளையவர்கள் வாய்விட்டுச் சொல்ல ஏட்டில் எழுதிய கைக்கே எளிதாயிற்று. ஒருவர் செய்த நூல் ஒரு காலத்துக்கு உரியதாகலாம்; ஒருவர் பயிற்றிய கை பல காலத்துக்கும் உதவும்.

மாதச் சம்பளம் இப்பணிக்கு உற்ற துணையாயிற்று என்பதனையும் மறைத்தல் ஆகாது. அன்றாட உணவுக்குக் கவலையின்றி, கல்லூரிப் பாடம் முடிந்தபின் ஏடு ஆராய அவர்க்கு ஒழிவு கிடைத்தது. அச்சுச் செலவுக்கு அன்பர் பலரது பொருளுதவியையும் அவர் வேண்டிப்பெற்றார். ஆசிரியர் கடனால் நொந்ததைக் கண்கூடாகக் கண்டவராதலின், குடும்பத்துக்கு ஒரு வரவும் தமிழ்ப்பணிக்கு வேறொரு வரவுமாக அமைந்ததன் அருமை அவர்க்கு நன்கு விளங்கியிருக்கும்.

அவ்வாதீனமே நாவலர் என்று 1849-ம் ஆண்டிற் பட்டமளித்த யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் மேற்கொண்ட வழி இன்னொன்று. பார்சிவல் பாதிரியாரது பாடசாலையில் அவர்க்கு உத்தியோகம் இருந்தது. அதனை 1848-ம் ஆண்டில் விட்டு, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், அச்சியந்திரமும் நிறுவினார், பின்பு 1864-ம் ஆண்டிற் சிதம்பரத்திலும் வித்தியாசாலை அமைத்தார். மணஞ்செய்துகொள்ளாமையால், குடும்பத்துக்கெனப் பொருள் ஒதுக்கவேண்டிய நிலை அவர்க்கு இல்லை. நாவலரவர்கள் சம்பளத்தை விட்டுப் பணியைக் கொண்டார். சாமிநாதையரவர்கள் சம்பளத்தைக் கொண்டு பணியைக் காத்தார். பிள்ளையவர்கள் பணியையே பற்றிக் கடனைச் சுமந்தார். இம்மூவருள் யார் வழி சிறந்தது என்று வழக்கிடுதல் வேண்டா. மணமின்றி வாழ்வார்க்கு ஒன்று பொருந்தும்; மனையறத்தார்க்கு மற்றொன்று பொருந்தும். தத்தம் நிலையை அறியாது பிறர் வழியை மேற்கொள்வதே இடர்.

மூவரிடத்தும் பொதுவாக நின்றது ஒன்றுண்டு. தாம் பெற்ற கல்வியை மூவரும் தம்மோடு முடிய விட்டாரல்லர். படிக்காசு அன்றன்றே அடியார் பந்திக்குச் சென்றதுபோல, அவர்கள் புலமையும் கற்பார்க்குச் சென்றுகொண்டே இருந்தது. பிள்ளையவர்கள் பாடிய காப்பியங்கள் அவர்தம் பாட்டுத்தொண்டு. நாள்தோறும் சலியாது பாடஞ்சொன்னது அவர்தம் கைத்தொண்டு. பாட்டின் மதிப்பைக் காலம் ஏற்றவும் இறக்கவும் கூடும். கைத்தொண்டுக்கு வாசி இல்லை.

தமக்குக் கும்பகோணத்திற் பதவி வாய்க்கச்செய்த செட்டியாரை மறவாது, சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் ‘தியாகராஜ விலாஸம்’ என்று பெயரிட்டார் சாமிநாதையர். தம் ஆசிரியரது சரித்திரத்தை 1933, 1934-ம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அந்நூல் வெளிவந்தபோது அவர்க்கு வயது எண்பதை அணுகியிருந்தது. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ம் நாள் அவர் மறைந்தபின், அவர் தொகுத்த சுவடிகளைக் காத்தற்கு 1943-ம் ஆண்டிற் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பெற்றது. மாயூரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிற் கூலியின்றி விதைத்த வித்து அங்ஙனம் விளைந்தது.

ஆகவே, கலையையும் புலமையையும் வாழ்வாகக் கொள்ள விழையும் இளைஞர் பிள்ளையவர்கள் வரலாற்றை இருமுகமாகக் கற்றல் வேண்டும். வரவறிந்து வாழாமையால் வந்த துன்பத்தைக் கண்டு தம்மைக் காத்துக்கொள்ளுதல் ஒருமுகம். கற்றதை மறைக்காது வழங்கினமையால் வந்த நிறைவைக் கண்டு அதனைப் பின்பற்றுதல் மறுமுகம். புலவரைப் புரக்கும் ஆதீனங்களும் அன்பர்களும் கற்கவேண்டுவதும் ஒன்றுண்டு. பொன்னாடை போர்த்தும் நாளில் மட்டுமன்று, அடுப்பு எரியவேண்டிய ஒவ்வொரு நாளும் புலவர்க்கு வீடு உண்டு என்பதை மறவாதிருத்தலே அது. படிக்காசு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்ததன்று, நாள்தோறும் கிடைத்தது. இறைவன் காட்டிய அம்முறையை அடியார்களும் கைக்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.